பழைய பைக்குக்குப் புது மீட்டர்: வாங்குமுன் அளந்துவிடுங்கள்

என் பழைய பைக்கில் முதன்முதலாகப் புது ஸ்பீடோமீட்டர் மாட்டிய அன்று எனக்குத் தலைகால் புரியவில்லை. கருப்பு டயல், வெள்ளை எழுத்து, மெல்லிய குரோம் வளையம். மறுநாள் சாலையில் முள் 70-ஐத் தொட்டபோது, பக்கத்தில் காரில் வந்த நண்பன் கண்ணாடியை இறக்கி, "ஏன்டா 50-லயே உருட்டிக்கிட்டு வர்ற?" என்றான். மீட்டரில் ஒரு கோளாறும் இல்லை. என் பைக்கின் கேபிள் ஒரு கிலோமீட்டருக்கு 1400 சுற்று சுற்றும். நான் வாங்கியதோ கிலோமீட்டருக்கு 1000 சுற்று என்ற கணக்கில் செய்த மீட்டர். டயலின் அழகைப் பார்த்தேனே தவிர, அதன் அடியில் பொடி எழுத்தில் இருந்த எண்ணைப் பார்க்கவில்லை.

ஆகவே கடைப்பக்கம் போவதற்கு முன் பைக்கோடு ஒரு நாள் உட்காருங்கள். ஒரு மல்டிமீட்டர், அளவுநாடா, சாக்குக்கட்டி, நோட்டுப் புத்தகம் போதும்.

பழையது உண்மையிலேயே செத்துவிட்டதா?

முள் நடுங்கி ஆடினால் பெரும்பாலும் குற்றம் மீட்டருடையது அல்ல, கேபிளுடையது. உள்கம்பி காய்ந்திருக்கும், அல்லது எங்கோ மடங்கியிருக்கும். கம்பியை உருவி, மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்து, கிரீஸ் பூசித் திரும்பப் போட்டுப் பாருங்கள். மீட்டர் பக்கம் இருக்கும் நுனியில் ஒரு சாண் அளவுக்கு மட்டும் கிரீஸ் வேண்டாம். சுற்றுகிற கம்பி திருகாணிபோல கிரீஸை மேலே ஏற்றி மீட்டருக்குள் தள்ளிவிடும்.

உள்ளே நடப்பது இதுதான். கேபிள் ஒரு காந்தத்தைச் சுழற்றுகிறது. காந்தத்தைச் சுற்றி, அதைத் தொடாமல், ஓர் அலுமினியக் கிண்ணம் இருக்கிறது. காந்தம் சுழலும்போது கிண்ணத்தில் மின்னோட்டம் தூண்டப்பட்டு, கிண்ணமும் கூடவே திரும்பப் பார்க்கும். மெல்லிய சுருள்வில் ஒன்று அதைத் தடுத்து இழுக்கும். இரண்டு இழுப்பும் சமமாகும் இடத்தில் முள் நிற்கும். அந்த இடைவெளியில் கிரீஸ் புகுந்தால் முள் இஷ்டத்துக்கு ஏறும். ஓடிய தூரத்தைக் காட்டும் ஓடோமீட்டர் அப்படியல்ல, பற்சக்கரங்களால் நேரடியாக ஓடுவது. இதிலிருந்தே நோயைக் கண்டுபிடிக்கலாம். முள்ளும் ஓடோமீட்டரும் சேர்ந்து நின்றால் கேபிளோ, சக்கரத்தருகே கேபிளைச் சுழற்றும் டிரைவோ போயிருக்கிறது. ஓடோமீட்டர் ஓடி முள் மட்டும் நின்றால் கிண்ணமோ சுருள்வில்லோ. முள் சரியாக இருந்து ஓடோமீட்டர் மட்டும் நின்றால் உள்ளே ஏதோ ஒரு பல்சக்கரம். முதல் வகைக்குப் புது மீட்டர் வாங்கி மாட்டினாலும் அது அப்படியேதான் நிற்கும்.

பைக்கின் ஜாதகம்

நோட்டில் எழுத வேண்டியவை நான்கு. பேட்டரி 6 வோல்ட்டா, 12 வோல்ட்டா? சேஸிஸோடு சேரும் பேட்டரி முனை மைனஸா, பிளஸ்ஸா? ஹெட்லைட்டுக்குப் போவது ஒரே திசையில் ஓடும் டி.சி.யா, திசை மாறி மாறி ஓடும் ஏ.சி.யா? பிளக்கில் ஸ்பார்க் விடவைக்கும் இக்னிஷன், தொட்டு விலகும் பாயிண்ட்டா, மின்தேக்கி வைத்த சி.டி.ஐ.யா, வேறு மின்னணு வகையா?

6 வோல்ட் பைக்கில் 12 வோல்ட் மின்னணு மீட்டர் கண்ணே திறக்காது. கேபிள் மீட்டருக்கு அந்தக் கவலை இல்லை. உள்ளே இருக்கும் பல்பை 6 வோல்ட்டுக்கு மாற்றினால் போதும்.

இரண்டாவது கேள்வியில்தான் பலர் கையைச் சுட்டுக்கொள்கிறார்கள். பழைய பிரிட்டிஷ் பைக்குகளில் பல பிளஸ் எர்த் கொண்டவை. அதாவது பேட்டரியின் பிளஸ் முனை சேஸிஸோடு சேர்ந்திருக்கும். மின்னணு மீட்டரின் உலோக உடல் அதன் மைனஸ் ஒயரோடு உள்ளுக்குள் சேர்ந்திருந்தால், அதைச் சேஸிஸில் போல்ட் போட்ட மறுகணமே ஷார்ட் ஆகும். மீட்டரை ரப்பர் வைத்து முழுக்கத் தனிமைப்படுத்தலாம், அல்லது வண்டியையே மைனஸ் எர்த்துக்கு மாற்றலாம். இரண்டாவதைச் செய்தால் ரெக்டிஃபையர், ஜீனர் டயோடு, அம்மீட்டர், இக்னிஷன் காயில் எல்லாவற்றின் இணைப்பையும் பார்த்து மாற்ற வேண்டியிருக்கும். முதல்முறை இந்த வேலையில் இறங்குபவர் பிளஸ் எர்த் வண்டி வைத்திருந்தால் கேபிள் மீட்டரோடு நிற்பதுதான் நல்லது.

மூன்றாவது கேள்வி சிறிய பைக்குகளுக்கானது. பலவற்றில் ஹெட்லைட் மேக்னட் காயிலிலிருந்து நேராக ஏ.சி.யில் எரியும்; ஹாரனும் இன்டிகேட்டரும் மட்டும் பேட்டரியில் ஓடும். இன்ஜினை ஓடவிட்டு, மல்டிமீட்டரை ஏ.சி. அளவில் வைத்து ஹெட்லைட் ஒயரைத் தொட்டால் தெரிந்துவிடும். அப்படிப்பட்ட வண்டியில் புது மீட்டரின் வெளிச்ச ஒயரைப் பழைய பழக்கத்தில் ஹெட்லைட் ஒயரோடு சேர்த்தால் எல்.இ.டி. சிமிட்டிச் சிமிட்டிச் செத்துப்போகும். சாவி போட்டதும் கரண்ட் வரும் பேட்டரி ஒயரில்தான் அதைச் சேர்க்க வேண்டும்.

சுற்றுக் கணக்கு

கேபிள் மீட்டர் வாங்குவதானால் எல்லாமே இந்த ஒரு எண்ணில் அடங்கியிருக்கிறது. ஒரு கிலோமீட்டர் ஓடும்போது கேபிளின் உள்கம்பி எத்தனை சுற்று சுற்றுகிறது? ஜப்பானிய பைக்குகளில் இது பொதுவாக 1400. மீட்டர் விற்பவர்கள் இதையே "கே 1.4" என்றோ "1:1.4" என்றோ குறிப்பார்கள். "கே 1" என்றால் 1000 சுற்று. ஜெர்மானிய டயல்களில் "டபிள்யூ" என்ற எழுத்துக்குப் பக்கத்தில் இதே எண் இருக்கும். மைல் கணக்குக்குச் செய்த பழைய பிரிட்டிஷ் டயல்களில் 1600 போன்ற எண்ணைக் கண்டால், அது ஒரு மைலுக்கான சுற்று, 1.609-ஆல் வகுத்தால் கிலோமீட்டர் கணக்கு வரும்.

பைக்கின் எண்ணை நீங்களே அளக்க வேண்டும். கேபிளை மீட்டரிலிருந்து கழற்றி, உள்கம்பியின் நுனியில் சிறு துண்டு டேப்பைக் கொடிபோல ஒட்டுங்கள். கேபிள் டிரைவ் முன்சக்கரத்தில் இருந்தால் முன்டயரிலும், கியர்பாக்ஸிலோ பின்சக்கரத்திலோ இருந்தால் பின்டயரிலும் தரையைத் தொடும் இடத்தில் சாக்குக்கட்டியால் கோடு போட்டு, தரையிலும் அதற்கு நேராக ஒரு கோடு போடுங்கள். காற்றைச் சரியான அளவுக்கு நிரப்பிக்கொள்ளுங்கள். ஒருவர் வண்டிமேல் உட்கார்ந்திருக்க, இன்னொருவர் நேர்கோட்டில் தள்ள வேண்டும். ஆள் உட்காராமல் தள்ளினால் டயர் அமுங்காது. தூரம் கொஞ்சம் கூடுதலாக வரும். சக்கரம் ஐந்து முழுச் சுற்று சுற்றும்வரை கொடி எத்தனை தரம் சுற்றுகிறது என்று எண்ணுங்கள். கால் சுற்று, அரைச் சுற்றையும் விடாதீர்கள். பிறகு தரையில் தூரத்தை அளங்கள்.

ஒரு கணக்கு. ஐந்து சுற்றில் வண்டி 9.6 மீட்டர் தூரம் நகர்ந்தது, கொடி 13.4 தடவை சுற்றியது என்று வையுங்கள். 13.4-ஐ 9.6-ஆல் வகுத்தால் 1.396, அதாவது கிலோமீட்டருக்கு 1396 சுற்று. இந்த வண்டிக்கு கே 1.4 மீட்டர்தான் பொருந்தும். வண்டியை முன்பு வைத்திருந்தவர் சக்கரத்தின் அளவை மாற்றியிருந்தால் விடை இரண்டுங்கெட்டானாக வரும், 1.25 மாதிரி. அப்போது கையேட்டில் இருக்கும் எண்ணை நம்ப வேண்டாம், தரையில் அளந்த எண்ணை நம்புங்கள்.

பொருந்தாத மீட்டரை மாட்டினால் என்ன ஆகும் என்பது எந்தப் பக்கம் தப்பு என்பதைப் பொறுத்தது. கே 1.4 வண்டியில் கே 1 மீட்டர் மாட்டினால் 50-இல் போகும்போது 70 காட்டும்; வெட்கக்கேடு, அவ்வளவுதான். மாற்றி மாட்டினால் 70-இல் போகும்போது 50 காட்டும். அது ஆபத்து. பல நாடுகள் பின்பற்றும் ஐ.நா. 39-ஆம் ஒழுங்குவிதியும் இதைத்தான் தடுக்கிறது: மீட்டர் காட்டும் வேகம் உண்மையான வேகத்தைவிட ஒருபோதும் குறைவாக இருக்கக் கூடாது. கொஞ்சம் கூட்டிக் காட்டினால் அனுமதி உண்டு, குறைத்துக் காட்டினால் இல்லை.

கையில் வந்த மீட்டரைப் பைக்கில் மாட்டாமலேயே சோதிக்கவும் ஒரு வழி இருக்கிறது. கேபிளின் உள்கம்பியின் ஒரு நுனியை மீட்டரிலும் மறு நுனியை வேகம் தெரிந்த டிரில்லிலும் பொருத்திச் சுற்றுங்கள். நிமிடத்துக்கு 1400 சுற்றில் கே 1.4 மீட்டர் 60 காட்ட வேண்டும். கே 1 மீட்டர் 1000 சுற்றில் 60 காட்ட வேண்டும். டிரில் எந்தத் திசையில் சுற்றும்போது முள் ஏறுகிறது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். எல்லா வண்டியிலும் கேபிள் ஒரே பக்கமாகச் சுற்றுவதில்லை. திசை மாறினால் முள் பூஜ்யத்தில் இருக்கும் தடுப்புமுனையிலேயே முட்டிக்கொண்டு நிற்கும்.

எண் பொருந்தினால் அடுத்தது நுனி. மரையின் குறுக்களவையும், உள்கம்பியின் நுனி சதுரமா தட்டையா என்பதையும் பாருங்கள். 12 மில்லி குறுக்களவும் ஒரு மில்லி மரை இடைவெளியும் (எம் 12) உள்ளதுதான் அதிகம் காணக்கிடைப்பது, ஆனால் எல்லாவற்றிலும் அல்ல. பழைய கேபிளை எடுத்துப் போய் ஒப்பிடுவது உத்தமம்.

எந்த வகை?

கேபிளுள்ள வண்டிக்குக் கேபிள் மீட்டர். இது என் பிடிவாதம். பேட்டரி செத்தாலும் ஓடும், மழைக்கும் பயமில்லை, பழைய வண்டியின் முகத்துக்கும் பொருந்தும்.

கேபிள் டிரைவே இல்லாத சக்கரம் மாட்டியிருந்தால் சென்சார் வைத்த மின்னணு மீட்டர் எடுங்கள். சக்கரத்தில் ஒரு காந்தம், ஃபோர்க்கில் ஒரு சென்சார். இல்லையென்றால் டிஸ்க் போல்ட்டுகளின் தலையை எண்ணும் சென்சார். இடைவெளி சில மில்லிமீட்டர்தான் இருக்க வேண்டும், சரியான அளவு மீட்டரோடு வரும் தாளில் இருக்கும். சக்கரத்தின் சுற்றளவை மில்லிமீட்டரில் நீங்களே பதிவு செய்யலாம் என்பதால் இதில் சுற்றுக் கணக்குத் தொல்லை கிடையாது.

ஜி.பி.எஸ். மீட்டருக்குச் சென்சாரும் வேண்டாம். ஆனால் வண்டியை எடுத்ததும் செயற்கைக்கோளைத் தேடக் கொஞ்ச நேரம் எடுத்துக்கொள்ளும், சுரங்கப்பாதையில் வேகம் தெரியாது, சட்டென்று வேகம் கூட்டினால் முள் ஒரு நொடி பின்னாலேயே வரும்.

கேபிளை விட்டுவிடுபவர்கள் மறக்கிற விஷயம் ஒன்று. முன்சக்கரத்தில் உள்ள ஸ்பீடோ டிரைவ் அச்சின் ஒரு பக்கத்து இடைவெளியையும் நிரப்புகிறது. அதை எடுத்துவிட்டால் அதே அகலத்தில் ஒரு ஸ்பேசர் போட்டே ஆக வேண்டும். அதுபோலவே இன்ஜின் நிமிடத்துக்கு எத்தனை சுற்று சுற்றுகிறது என்று காட்டும் ஆர்.பி.எம். மீட்டருக்கு இன்ஜினிலிருந்து வரும் கேபிளைக் கழற்றினால் அந்த ஓட்டையை ரப்பர் வளையம் வைத்த மூடியால் அடைக்க வேண்டும். அடைக்காமல் ஸ்டார்ட் செய்தால் ஆயில் உங்கள் கால்சட்டையில் வந்து இறங்கும்.

அளவும் வீச்சும் சம்பந்தமாக ஒரு வார்த்தை. 110-ஐத் தாண்டாத வண்டிக்கு 240 வரை உள்ள டயல் வேண்டாம். முள் வாழ்நாள் முழுக்க இடது மூலையிலேயே கிடக்கும். எல்.சி.டி. திரை வாங்குவதானால் நீங்கள் போடும் போலரைஸ்டு கண்ணாடியைப் போட்டுக்கொண்டே ஒருமுறை பாருங்கள். சில கோணங்களில் திரை முழுக்கக் கருப்பாகத் தெரியும்.

ஆர்.பி.எம். மீட்டர்

கேபிள் வகை என்றால் இங்கும் விகிதம் உண்டு. ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிவிட்டு, டாப் கியரில் பின்சக்கரத்தைக் கையால் சுற்றி, கேபிள் கம்பி ஒரு சுற்று சுற்ற கிராங்க் எத்தனை சுற்று சுற்றுகிறது என்று எண்ணுங்கள். 4, 5, 7 என்று வண்டிக்கு வண்டி மாறும்.

மின்னணு வகை ஸ்பார்க்குகளை எண்ணுகிறது. எனவே ஒரு சுற்றுக்கு எத்தனை ஸ்பார்க் என்று நீங்கள் அதற்குச் சொல்ல வேண்டும். ஃப்ளைவீலிலிருந்து இக்னிஷன் கிடைக்கும் ஒற்றை சிலிண்டர் வண்டி, நான்கு ஸ்ட்ரோக்காக இருந்தாலும், ஒவ்வொரு சுற்றிலும் ஒரு ஸ்பார்க் விடும். இரண்டில் ஒன்று வீண் ஸ்பார்க். பாயிண்ட் கேம் ஷாஃப்டில் இருந்தால் இரண்டு சுற்றுக்கு ஒன்றுதான். ஒற்றை சிலிண்டர் இரண்டு ஸ்ட்ரோக் வண்டியில் சுற்றுக்கு ஒன்று. எப்படி வைப்பது என்று குழப்பமாக இருந்தால் ஒன்றை வைத்து ஸ்டார்ட் செய்யுங்கள். ஐடிலில் 1200 ஓட வேண்டிய வண்டி 2400 என்றோ 600 என்றோ காட்டினால் எந்தப் பக்கம் மாற்ற வேண்டும் என்று அதுவே சொல்லிவிடும்.

சிக்னல் எடுக்கும் இடமும் முக்கியம். பாயிண்ட் வண்டியில், காயிலுக்கு இரண்டு மெல்லிய ஒயர் இருக்கும். சாவியிலிருந்து கரண்ட் வருவது ஒன்று, பாயிண்டுக்குப் போவது இன்னொன்று. பாயிண்டுக்குப் போவதில்தான் சேர்க்க வேண்டும். அந்த ஒயரில் ஸ்பார்க் விழும் கணத்தில் சில நூறு வோல்ட் எகிறும் என்பதால் இன்ஜின் ஓடும்போது கை வைக்காதீர்கள். சி.டி.ஐ. வண்டியில் காயிலுக்குப் போவது தொடர்ச்சியான 12 வோல்ட் அல்ல, உயர்வோல்ட் துடிப்பு. "சி.டி.ஐ.க்குப் பொருந்தும்" என்று தெளிவாக எழுதாத மீட்டரை அதில் கோக்கக் கூடாது. பிளக் ஒயரின்மேல் இன்சுலேஷன் உள்ள ஒயரை நான்கைந்து சுற்றுச் சுற்றி சிக்னல் எடுக்கும் வகைகள் இதற்குப் பாதுகாப்பானவை.

பழைய வண்டியில் டிஜிட்டல் மீட்டர் திடீர் திடீரென்று அணைந்து எரிந்தால், மீட்டரைக் குறை சொல்லுமுன் பிளக் கேப்பைப் பாருங்கள். உள்ளே தடை இல்லாத பழைய கேப் ரேடியோ நிலையம்போல இரைச்சலைப் பரப்பும். 5 கிலோ ஓம் தடை உள்ள கேப் மாட்டியதும் பெரும்பாலும் அடங்கிவிடும்.

சின்ன மீட்டர்கள்

ஒன்றே ஒன்றுதான் வாங்குவேன் என்றால் வோல்ட்மீட்டர் வாங்குங்கள். பழைய வண்டியை வழியில் நிறுத்துவதில் சார்ஜிங் கோளாறுக்கு நிகர் இல்லை. 12 வோல்ட் பேட்டரி நிறைந்திருந்தால், இன்ஜின் ஓடாதபோது 12.6 அளவிலும், ஓடும்போது 14-ஐ ஒட்டியும் இருக்கும். ஓடும்போதும் 12.5-ஐத் தாண்டவில்லை என்றால் வீட்டுக்குத் திரும்புங்கள். அதற்குப் பதில் கரண்டை அளக்கும் அம்மீட்டர் வைத்தால், வண்டியின் கரண்ட் முழுவதும் அதன் வழியாக ஹேண்டில்பார் வரை ஏறி இறங்க வேண்டும். ஓர் இணைப்பு தளர்ந்தால் எல்லாமே நிற்கும்.

ஆயில் பிரஷர் மீட்டர் வைப்பவர்கள் மரையில் கவனமாக இருங்கள். எட்டில் ஓர் அங்குலக் குழாய் மரையில் இரண்டு வகை: அமெரிக்க என்.பி.டி. மரையில் அங்குலத்துக்கு 27 பல், பிரிட்டிஷ் பி.எஸ்.பி. மரையில் 28. ஒன்றில் மற்றது இரண்டு சுற்று நன்றாக ஏறும், பிறகு இறுகும், அழுத்தினால் அலுமினிய உடலின் மரை உரிந்துவிடும். பெட்ரோல் மீட்டர் என்றால், டேங்கில் பெட்ரோல் அளவை உணர்ந்து சொல்லும் மிதவைச் சென்சாரின் தடையைக் காலியிலும் நிறைவிலும் ஓமில் அளந்து, அதே அளவை ஏற்கும் மீட்டராகத் தேடுங்கள்.

மாட்டும் நாள்

கழற்றுமுன் ஹெட்லைட் டூமுக்குள் இருக்கும் ஒயர்க்கூட்டைப் பல கோணங்களில் படமெடுங்கள். பழைய ஓடோமீட்டர் எண்ணையும் தேதியோடு படமெடுத்து வையுங்கள். பின்னாளில் வண்டியை விற்கும்போது வாங்குபவருக்குக் காட்ட வேண்டியது அது. பிறகு பேட்டரியின் எர்த் முனையை முதலில் கழற்றுங்கள்.

பிராக்கெட்டை முதலில் தற்காலிகமாக வைத்து, ஹேண்டிலை இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்பிப் பாருங்கள். டேங்க், கிளட்ச் கேபிள், பிரேக் ஹோஸ் எதிலும் மீட்டர் இடிக்கக் கூடாது. ஹேண்டில்பாரில் மாட்டும் கிளாம்ப் என்றால் பாரின் குறுக்களவை அளந்து வாங்குங்கள். 22 மில்லி, ஓர் அங்குலம் இரண்டும் கண்ணுக்கு ஒன்றுபோலத்தான் தெரியும். பிராக்கெட்டுக்கும் மீட்டருக்கும் நடுவே ரப்பர் புஷ் கட்டாயம். ஒற்றை சிலிண்டர் வண்டியின் அதிர்வு இரும்போடு இரும்பாக ஏறினால் சுருள்வில் நீண்ட நாள் தாங்காது. ரப்பர் வைத்துவிட்டால் மீட்டரின் உடலுக்கு எர்த் கிடைக்காது என்பதையும் சேர்த்து யோசியுங்கள். அதற்குத் தனி ஒயர் இழுக்க வேண்டும். புது மீட்டரில் பல்பு எரியவில்லை என்று தவிப்பவர்களில் பலருக்குக் காரணம் இதுதான்.

கேபிள் மீட்டரை விட்டு இறங்கும் முதல் சில அங்குலம் நேராக இருக்கட்டும். எங்கும் முறுக்கி மடக்க வேண்டாம். முன்சக்கரத்தைக் கழற்றியிருந்தால், திரும்பப் போடும்போது டிரைவின் நாக்குகள் ஹப்பின் பள்ளங்களில் சரியாக உட்கார்ந்திருக்கின்றனவா என்று விரலால் தடவிப் பார்த்த பிறகே அச்சை இறுக்குங்கள். உட்காராமல் இறுக்கினால் நாக்கு நசுங்கிவிடும், பிறகு டிரைவையே மாற்ற வேண்டியதுதான்.

ஒயரிங்கில் நிறத்தை நம்பலாம், ஆனால் சோதித்த பிறகு. ஹோண்டாவில் பொதுவாகச் சாவி போட்டதும் கரண்ட் வரும் ஒயர் கருப்பு, எர்த் பச்சை, நியூட்ரல் வெளிர்பச்சையில் சிவப்புக் கோடு, ஹை பீம் நீலம், இடது இன்டிகேட்டர் ஆரஞ்சு, வலது வெளிர்நீலம். யமஹாவில் சாவி ஒயர் பழுப்பு, எர்த் கருப்பு, நியூட்ரல் வான்நீலம், ஹை பீம் மஞ்சள். சுசுகியில் சாவி ஒயர் ஆரஞ்சு, எர்த் கருப்பில் வெள்ளைக் கோடு. கவாசாகியில் சாவி ஒயர் பழுப்பு, எர்த் கருப்பில் மஞ்சள் கோடு. லூகாஸ் ஒயரிங் உள்ள பிரிட்டிஷ் வண்டிகளில் சாவி ஒயர் வெள்ளை, சிவப்புதான் எர்த். ஹோண்டாவில் உயிருள்ள கருப்பு யமஹாவில் எர்த் என்பதைக் கவனியுங்கள். அதோடு இத்தனை வருடத்தில் எத்தனை கைகள் இந்த டூமுக்குள் புகுந்தனவோ! ஒவ்வொரு ஒயரையும் மல்டிமீட்டரால் உறுதி செய்து, பெயர் எழுதிய டேப் ஒட்டுங்கள்.

நியூட்ரல் சுவிட்சும் ஆயில் சுவிட்சும் கரண்ட் அனுப்புபவை அல்ல, எர்த் கொடுப்பவை. அந்த லைட்டுகளின் ஒரு முனை சாவி ஒயருக்கும் மறுமுனை சுவிட்சுக்கும் போக வேண்டும். ஹை பீமும் இன்டிகேட்டரும் நேர்மாறு. அங்கிருந்து கரண்ட் வரும், மறுமுனை எர்த்துக்கு.

இன்டிகேட்டர் லைட் ஒன்றே ஒன்று இருக்கும் மீட்டர்தான் புதியவர்களை அழவைக்கும். பழைய வண்டியில் அந்த ஒற்றைப் பல்பு இடது ஒயருக்கும் வலது ஒயருக்கும் நடுவே தொங்கிக்கொண்டிருக்கும். இடது எரியும்போது கரண்ட் அந்தச் சின்னப் பல்பு வழியாக வலது பக்கப் பல்புகளுக்குள் போய் எர்த்தாகும்; மிகக் குறைந்த கரண்ட் என்பதால் வலது பக்கம் எரியாது. புது மீட்டரின் எல்.இ.டி. ஒரு திசையில் மட்டுமே வேலை செய்யும். சரி, இரண்டு ஒயரையும் ஒன்றாக முறுக்கி அதில் சேர்த்துவிடலாம் என்று நான் செய்தேன். நான்கு இன்டிகேட்டரும் சேர்ந்து சிமிட்டின. தீர்வு, கரண்டை ஒரு திசையில் மட்டும் விடும் இரண்டு சின்ன டயோடு. 1 என் 4007 என்ற வகை எளிதாகக் கிடைக்கும். இடது ஒயரில் ஒன்று, வலது ஒயரில் ஒன்று. கோடு போட்ட பக்கம் இரண்டையும் ஒன்றாகச் சேர்த்து மீட்டர் லைட்டின் பிளஸ்ஸில் கொடுங்கள், லைட்டின் மறுமுனையை எர்த்தில் கொடுங்கள். மைனஸ் எர்த் வண்டிக்கான கணக்கு இது.

சார்ஜ் லைட் உள்ள வண்டியில் இன்னொரு பொறி. பாஷ் ஆல்டர்னேட்டர் கொண்ட பழைய பி.எம்.டபிள்யூ. பாக்ஸர் இரட்டை சிலிண்டர் வண்டிகளில், ஆல்டர்னேட்டரை எழுப்பும் முதல் கரண்ட் அந்தச் சார்ஜ் பல்பு வழியாகத்தான் போகிறது. பல்பை எடுத்துவிட்டு எல்.இ.டி. வைத்தால் லைட் எரியும், பேட்டரி சார்ஜ் ஏறாது. அத்தகைய வண்டிகளில் பழைய பல்பை எங்காவது மறைவாக அப்படியே வைத்துக்கொள்ளுங்கள், அல்லது எல்.இ.டி.க்கு இணையாகத் தகுந்த தடை போடுங்கள்.

மீட்டருக்குப் போகும் உயிர் ஒயரில் 1 அல்லது 2 ஆம்பியர் ஃபியூஸ் ஒன்று வையுங்கள். இணைப்புகளை கிரிம்ப் செய்து சுருங்கும் ஸ்லீவ் போடுவது, சால்டர் செய்வதைவிட இந்த இடத்துக்கு நல்லது. சால்டர் ஏறிய ஒயர் விறைத்து, அது முடியும் இடத்தில் அதிர்வில் ஒடியும். ஹேண்டில் திரும்பும் கழுத்தருகே ஒயரைக் கொஞ்சம் தளர்வாக விடுங்கள்.

ஓட்டிப் பார்த்தல்

பேட்டரியை இணைத்து, இன்ஜினை ஸ்டார்ட் செய்யாமல் ஒவ்வொரு லைட்டாகப் பாருங்கள். பிறகு ஸ்டார்ட் செய்து ஹேண்டிலை இரு பக்கமும் திருப்புங்கள். திருப்பும்போது ஐடில் ஏறினாலோ லைட் சிமிட்டினாலோ எங்கோ கேபிளோ ஒயரோ இழுபடுகிறது.

நேரான, நெரிசலில்லாத சாலையில் பின்னால் ஒருவரை உட்காரவைத்து, ஜி.பி.எஸ். ஓடும் போனை அவர் கையில் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். வேகம் மாறாமல் அரை நிமிடம் ஓட்டினால்தான் ஜி.பி.எஸ். எண் நிலைக்கும். 40, 60, 80 என்று மூன்று இடத்தில் குறித்துக்கொள்ளுங்கள். எல்லா வேகத்திலும் ஒரே சதவீதம் தப்பாக இருந்தால் விகிதமோ சுற்றளவோ தவறு. சென்சார் மீட்டரில் சுற்றளவு எண்ணை அதே சதவீதம் மாற்றினால் சரியாகும். மீட்டர் 5 சதவீதம் கூட்டிக் காட்டினால் சுற்றளவை ஏறக்குறைய 5 சதவீதம் குறையுங்கள். எல்லா வேகத்திலும் ஒரே அளவு, அதாவது 5 கிலோமீட்டர் கூடவே காட்டினால் முள் தன் இடத்திலிருந்து நகர்ந்து உட்கார்ந்திருக்கிறது. விற்றவரிடம் மாற்றித் தரச் சொல்லுங்கள்.

முதல் நூறு கிலோமீட்டருக்குப் பிறகு பிராக்கெட் போல்ட்டுகளை ஒருமுறை இறுக்குங்கள், ரப்பர் அமுங்கியிருக்கும். மழைக்குப் பின் கண்ணாடிக்குள் லேசாக ஆவி படிந்து வெயிலில் மறைந்தால் கவலை வேண்டாம். துளி துளியாக நின்றால் கீழே ஒயர் நுழையும் ரப்பரைப் பாருங்கள். என் மீட்டரில் அது பாதி வெளியே வந்து கிடந்தது, மாட்டும் அவசரத்தில் நானே தள்ளிவிட்டது.